கோபுர விளக்கும் உபயதாரரின் கணக்கும்

“திருவாரூர்த் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு” என்பது சோழவள நாட்டின் பழைய வழக்கு. அந்த வேதாரண்யத்தில்தான், திருவிளக்கின் நெய்யை உண்ண வந்த எலி ஒன்று அணையவிருந்த திரியைத் தன்னையறியாமல் தூண்டிவிட்டு, அந்தப் புண்ணியத்தால் மறுபிறவியில் மாவலிச் சக்கரவர்த்தியாகப் பிறந்தது என்று தலபுராணம் கூறுகிறது. அறியாமல் செய்த விளக்குத் தொண்டுக்கே அத்தனை பயன் என்றால், அறிந்து செய்வதற்கு எவ்வளவு என்று பெரியோர் வியப்பதுண்டு. எண்ணெய் விளக்கின் காலத்தில் அறியாமல் செய்தாலும் பெரிய பிழை நேராது. மின்விளக்கு அப்படியன்று. அறியாமல் வாங்கினால் பணம் போகும். அறியாமல் மாட்டினால் உயிருக்கே தீங்கு வரும்.

சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் பழகிய அன்பர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். நந்தாவிளக்கு எரிக்க ஒருவர் கொடை கொடுத்தால், ‘விளக்கு ஒன்று’ என்று மட்டும் பொறித்துவிட்டு அக்காலத்தார் ஓய்ந்துவிடவில்லை. விளக்கு ஒன்றுக்கு ஆடு 96. அதற்கு நாள்தோறும் அளக்க வேண்டிய நெய் ஓர் உழக்கு. ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர் யார் என்பது வரை கல்லில் வெட்டி வைத்தார்கள். அந்த ஆடுகளுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். ஆடு மூப்படையும், சாகும். ஆனால் குட்டிகளால் ஈடு செய்து எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டும் என்பது அதன் பொருள். கொடுப்பவர் எதைக் கொடுக்கிறார், அது எவ்வளவு எரியும், எத்தனை காலம் எரியும் என்பதில் ஐயத்துக்கே இடமில்லை.

இந்நாளில் கோயில்களுக்கு மிகுதியாக வரும் விளக்கு உபயம் எல்.இ.டி. ஃபோகஸ் விளக்கு. கோபுரத்துக்கு, விமானத்துக்கு, திருக்குளத்துக்கு, தேர் நிலைக்கு என்று அன்பர்கள் மனமுவந்து வாங்கித் தருகிறார்கள். வாங்குகிறவரிடம் என்ன விளக்கு என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே விடைதான் வருகிறது: “நூறு வாட்.” பிழை அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஊர்ப்பெயர் எதுவாகவும் இருக்கட்டும். பல கோயில்களில் தனித்தனியே நடப்பதை ஒரே கோயிலில் நடந்ததாகக் கோத்துச் சொன்னால் கதை இப்படி அமையும். பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர். எண்பது நிறைந்து சதாபிஷேகம் கண்டவர். விருந்தைச் சுருக்கிக்கொண்டு, மீந்த பணத்தைக் கோபுர விளக்குக்கு என்று ஒதுக்கினார். அது அவருடைய துணைவியாரின் நெடுநாள் ஆசை. இரவுப் பேருந்தில் ஊருக்குள் வருகிறவர்கள் தொலைவிலேயே கோபுரத்தைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டும் என்பார் அந்த அம்மையார். கோபுரம் ஐந்து நிலை. உயரம் 60 அடி. அடித்தளத்தின் அகலம் 30 அடி. சந்நிதித் தெருவில், கோபுரத்திலிருந்து 65 அடி தள்ளி, இருபுறமும் இரண்டு இரும்புக் கம்பங்கள் முன்பே இருந்தன. தலைமையாசிரியர் நகரத்துக் கடைக்குப் போய், 100 வாட் விளக்கு நான்கு வாங்கி வந்தார். கம்பத்துக்கு இரண்டாக மாட்டியாயிற்று.

பிரதோஷத்தன்று மாலை விளக்குகள் எரிந்தன. தெருவோரத்து வேப்பமரம் இலை இலையாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் உலர்ந்த துணிகூடத் தெரிந்தது. கோபுரம் மட்டும் அடியில் வெளிறி, மூன்றாம் நிலைக்குமேல் சாம்பல் பூத்தாற்போல் நின்றது. கலசங்கள் இருந்த இடமே புலப்படவில்லை. தரிசனம் முடித்து வெளியே வந்த மூதாட்டி ஒருவர், எதிரே இருந்து கண்ணில் குத்திய வெள்ளொளியில் வாயிற்படி தெரியாமல் கதவைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டார். தலைமையாசிரியரின் துணைவியார் குறையாக ஏதும் சொல்லவில்லை. “ஏங்க, இன்னும் ரெண்டு வாங்கிப் போட்டாச் சரியாயிடுமா?” என்று மட்டும் கேட்டார்.

கோயிலுக்கு மின்வேலை பார்ப்பவர் தலைமையாசிரியரிடம் படித்த மாணவர். அவருக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. “பத்து போட்டாலும் இப்படித்தான் சார் இருக்கும்” என்றார் அவர். “நூறு வாட்டுன்னு கேட்டு வாங்கினீங்க. அது விளக்கு சாப்பிடற சாப்பாடு. அது செய்யற வேலை எவ்வளவுன்னு பெட்டியில தனியாப் போட்டிருப்பான். அதைப் பார்த்தீங்களா?”

மாணவர் சொன்னது முற்றிலும் உண்மை. வாட் என்பது விளக்கு உண்ணும் மின்சாரத்தின் அளவு. அது தரும் ஒளியின் அளவுக்கு லூமென் என்று பெயர். அன்று வீட்டில் எரிந்த 60 வாட் குண்டு பல்பு சுமார் 700 லூமென் தந்தது. திருவிழாப் பந்தல்களில் அனல் கக்கிக்கொண்டு எரிந்த 500 வாட் ஹாலஜன் விளக்கு ஏறத்தாழ 9,500 லூமென் தந்தது. அந்தக் காலத்தில் எல்லாம் இழை விளக்குகளாக இருந்ததால், வாட்டைச் சொன்னாலே ஒளியைச் சொன்னதாயிற்று. எழுபதைக் கடந்தவர்களுக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போகவில்லை. அதில் வியப்பும் இல்லை. ஆனால் எல்.இ.டி. விளக்குகளில் தரத்துக்குத் தரம் வேறுபாடு மிகுதி. நல்ல விளக்கு ஒரு வாட்டுக்கு 100 முதல் 130 லூமென் வரை தரும். மட்டமானது 70, 80 லூமெனோடு நின்றுவிடும். பெட்டியின்மேல் இரண்டிலும் ‘100 வாட்’ என்றே பெரிய எழுத்தில் இருக்கும். ஆகவே கடையில் முதலில் கேட்க வேண்டியது, “முழு விளக்கும் எத்தனை லூமென்?” என்பது. ‘முழு விளக்கும்’ என்ற சொல் அங்கே அவசியம். உள்ளே இருக்கும் சில்லு மட்டும் தனியே தரக்கூடிய ஒளியைப் பெரிதாக அச்சிட்டு, கண்ணாடியிலும் வெப்பத்திலும் இழப்பதைச் சொல்லாமல் விடுகிறவர்களும் உண்டு.

தலைமையாசிரியர் வாங்கிய விளக்கை எடுத்துப் பார்த்தால், லூமென் கணக்கில் அது மோசமில்லை. 10,000 என்று இருந்தது. பழைய 500 வாட் ஹாலஜனைவிடச் சற்றுக் கூடுதல்தான். அப்படியானால் கோபுரம் ஏன் இருண்டது?

விடை, பெட்டியில் எல்லாவற்றிலும் சிறிய எழுத்தில் இருந்தது. ‘பீம் ஆங்கிள் 120 டிகிரி.’ விளக்கிலிருந்து புறப்படும் ஒளி எவ்வளவு அகலமாக விரிகிறது என்பதைச் சொல்லும் எண் அது. கோபுர விளக்கைப் பொறுத்தவரை வேறெந்த எண்ணும் இதற்கு ஈடாகாது. தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீரும் கெண்டியின் மூக்கு வழியே வார்த்த தண்ணீரும் ஒரே செம்பு நீர்தான். ஒன்று பரவும், மற்றது குறி தப்பாமல் விழும். 120 டிகிரியில் விரியும் ஒளி, 65 அடி தொலைவைக் கடப்பதற்குள் 225 அடி அகலத்துக்குப் பரந்துவிடுகிறது. கோபுரத்தின் அகலமோ 30 அடி. எஞ்சிய ஒளியெல்லாம் எங்கே போயிற்று என்பதற்கு வேப்பமரமும் மொட்டைமாடியும் சாட்சி. அதே விளக்கு 30 டிகிரிக் கோணத்தில் இருந்திருந்தால், 65 அடி தொலைவில் அதன் ஒளி ஏறத்தாழ 35 அடி வட்டமாக விழும். கோபுரத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போல.

கணக்கில் விருப்பமுள்ள அன்பர்களுக்கு இன்னும் ஒரு படி. ஒரு பரப்பின்மேல் விழும் ஒளியை லக்ஸ் என்ற அளவால் குறிப்பார்கள். முழுநிலா நாளில் தரையில் விழும் நிலவொளி கால் லக்ஸ் அளவுதான். 10,000 லூமென் விளக்கு 120 டிகிரியில் விரிந்தால், 65 அடிக்கு அப்பால் சுமார் 8 லக்ஸ் கிடைக்கும். 30 டிகிரிக்குள் குவிந்தால் சுமார் 115 லக்ஸ். மின்சாரம் ஒன்றே, லூமென் ஒன்றே. கோணம் ஒன்று மாறியதால் பதினான்கு மடங்கு வேறுபாடு. தொலைவும் இப்படித்தான் வேலை செய்கிறது. விளக்கை இரண்டு மடங்கு தள்ளி வைத்தால் ஒளி பாதியாகாது. நான்கில் ஒரு பங்காகும். இதனால்தான் கோபுரத்தின் உச்சிக்கு, அடியைவிடக் குறுகிய கோணமுள்ள விளக்கு தனியே வேண்டும் என்கிறார்கள். கலசத்துக்கு 15 டிகிரி போதும். அதில் 20 வாட் விளக்கே பளிச்சென்று காட்டிவிடும்.

அகன்ற கோணம் தவறு என்பதன்று. நந்தவனத்துக்கும் வாகனம் நிறுத்தும் திடலுக்கும் அதுதான் வேண்டும். எங்கே, எவ்வளவு தொலைவில், எதன்மேல் ஒளி விழ வேண்டும் என்பதை அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போகிறவர் ஏமாறுவதில்லை. ஓர் அளவு நாடாவும் ஒரு துண்டுக் காகிதமும் போதும்.

அளக்கும்போது கோபுரம் எதனால் ஆனது என்பதையும் குறித்துக்கொள்வது நல்லது. சுண்ணம் பூசிய வெண்சுவர் தன்மேல் விழும் ஒளியில் முக்கால் பங்கைத் திருப்பித் தந்துவிடும். எண்ணெய் ஏறிய கருங்கல் ஐந்தில் ஒரு பங்கைத் தந்தாலே பெரிது. வண்ணம் தீட்டிய சுதைக் கோபுரத்துக்குப் போதுமான விளக்கு, கருங்கல் விமானத்துக்குப் போதாமல் போவது இதனால்தான்.

இனி நிறம். ‘கூல் டேலைட் 6,500 கெல்வின்’, ‘வார்ம் ஒயிட் 3,000 கெல்வின்’ என்று பெட்டிகளில் காணலாம். இந்த எண்ணின் போக்கு சற்று விந்தையானது. எண் குறையக் குறைய ஒளி மஞ்சள் ஏறிக் கதகதப்பாகும். கூடக் கூட நீலம் ஏறிய வெண்மையாகும். நெய்த்தீபத்தின் சுடர் 2,000 கெல்வினுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. கருங்கல் திருமேனிக்கும் பொன் பூசிய கலசத்துக்கும் 3,000 கெல்வின் பொருந்தும். பஞ்சவர்ணம் தீட்டிய சுதைச் சிற்பங்களுக்கு 4,000 வரை போகலாம். அதில் நீலமும் பச்சையும் மங்காமல் தெரியும். 6,500 கெல்வின் தொழிற்சாலை முற்றத்துக்கு ஏற்றது. அதைத்தான் கடைகளில் முதலில் எடுத்து நீட்டுகிறார்கள், பார்த்த மாத்திரத்தில் மிகுந்த வெளிச்சம்போல் தோன்றுவதால். நிமிடத்துக்கொரு நிறம் மாறும் விளக்குகளைத் திருவிழா நாட்களில் பொறுத்துக்கொள்ளலாம். ஆண்டு முழுதும் கோபுரம் ஊதாவும் பச்சையுமாய் மின்னுவதைப் பார்க்கும்போது, சிற்பிகளின் உழைப்பு எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

நிறத்தோடு ஒட்டிய மற்றோர் எண் சி.ஆர்.ஐ. ஒரு பொருளின் இயல்பான நிறத்தை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு நூற்றுக்கு இத்தனை என்று இடும் மதிப்பெண் அது. பழைய சோடியம் தெருவிளக்கின் கீழே நெற்றிக் குங்குமம் கறுத்துத் தெரிந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த விளக்கின் மதிப்பெண் இருபத்தைந்தைத் தாண்டாது. எல்.இ.டி.யில் 80க்குக் குறையாமல் கேட்டு வாங்க வேண்டும். சந்நிதிக்கு அருகில், அலங்காரத்தின்மேல் விழும் விளக்கென்றால் 90 வேண்டும். சிவப்பை மட்டும் தனியே சோதிக்கும் ‘ஆர்9’ என்ற எண்ணும் நல்ல நிறுவனங்களின் விவரத்தாளில் இருக்கும். அது தாழ்ந்திருந்தால் அரக்குப் பட்டு பழுப்பாகவும், செவ்வரளி மாலை வாடியதுபோலவும் தெரியும். குங்கும அர்ச்சனை நடக்கும் இடத்துக்கு இந்த எண்ணைக் கேட்காமல் விளக்கு வாங்குவது முறையன்று.

இதுவரை சொன்னவை அழகைப் பற்றியவை. இவற்றில் தவறினால் பணம்தான் வீண். அடுத்தது அப்படிப்பட்டதன்று.

பெட்டியில் ‘ஐ.பி. 65’, ‘ஐ.பி. 66’ என்று இரண்டு இலக்கங்கள் இருக்கும். முதல் இலக்கம் தூசியைத் தடுக்கும் திறன். அதில் 6க்கு மேல் இல்லை. இரண்டாம் இலக்கம் நீரைத் தடுக்கும் திறன். 5 என்றால் பீய்ச்சும் நீரைத் தாங்கும். 6 என்றால் வலுவாகப் பீய்ச்சினாலும் தாங்கும். 7 என்றால் சிறிது நேரம் நீருக்குள் மூழ்கினாலும் உள்ளே கசியாது. ஐப்பசி, கார்த்திகை மழையை நேரே முகத்தில் வாங்கும் கோபுர விளக்குக்கு 66 இருப்பது நலம். தரையில் புதைத்து மேல்நோக்கி வைக்கும் விளக்குக்கு 67க்குக் குறையவே கூடாது. ஆனால் அந்த எண் விளக்குக்கு மட்டும்தான் பொறுப்பு. விளக்கிலிருந்து வெளியே வரும் வயரை வெறுமனே முறுக்கி, கறுப்பு டேப்பைச் சுற்றிக் கம்பத்தில் தொங்கவிட்டால், 66 என்ற எண்ணால் பயனேதும் இல்லை. இணைப்புகள் மூடிய பெட்டிக்குள், மழை இறங்காத வகையில் இருக்க வேண்டும்.

கோயிலில் இது வீட்டைவிடப் பன்மடங்கு முக்கியம். காரணம் எளியது: அங்கே எல்லோரும் வெறுங்காலோடு நடக்கிறார்கள். அபிஷேக நீரும் மழைநீரும் நனைத்த கல் தளத்தில், ஈர வேட்டியோடும் ஈரப் புடவையோடும் அங்கப்பிரதட்சிணம் செய்கிறார்கள். கூட்டத்தில் தள்ளாடும் முதியவர் பிடிக்கக் கிடைத்த இரும்புக் கம்பத்தைப் பிடித்துக்கொள்கிறார். குழந்தை அதைச் சுற்றி விளையாடுகிறது. அந்தக் கம்பத்தில் ஒரு விளக்கு கசிந்துகொண்டிருந்தால் என்ன ஆகும் என்று விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே உலோக உடம்புள்ள விளக்குக்கு மூன்று இழை கொண்ட வயர் வேண்டும். மூன்றாவதான எர்த் வயர் விளக்கின் உடம்போடும் கம்பத்தோடும் முறையாக இணைந்திருக்க வேண்டும். செலவைக் குறைப்பதாக எண்ணி எர்த்தை வெட்டிவிட்டு இரண்டு இழையில் இணைக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதோடு, 30 மில்லி ஆம்பியர் கசிந்த அளவிலேயே, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற சாதனத்தைக் கோபுர விளக்குகளின் இணைப்பில் பொருத்த வேண்டும். “எம்.சி.பி. இருக்கிறதே” என்று சிலர் சொல்வதுண்டு. எம்.சி.பி. காப்பது வயரை, மிகை மின்னோட்டத்தையும் ஷார்ட் சர்க்யூட்டையும் அது தடுக்கும். மனித உடம்பு வழியே பாயும் சிறு கசிவு அதற்குத் தெரியவே தெரியாது. இரண்டும் வேண்டும். ஆர்.சி.சி.பி.யின் முகத்தில் சோதிப்பதற்கென்று ஒரு சிறு பொத்தான் உண்டு. பௌர்ணமிதோறும் அதை ஒருமுறை அழுத்திப் பார்க்கும் வழக்கத்தை வைத்துக்கொண்டால் மறதிக்கு இடமிராது. இந்தச் சாதனம் விளக்குப் பெட்டியோடு வருவதில்லை. உபயதாரர் தனியே வாங்கித் தர வேண்டும். விளக்கு ஒன்றைக் குறைத்துக்கொண்டாவது இதை வாங்குவது நல்லது.

அந்தப் பிரதோஷத்துக்கு மறுநாள் பகலில், மின்வேலை பார்ப்பவர் கம்பங்களைச் சோதித்தார். புதிய விளக்குகளில் எர்த் வயர் இருந்தது. ஆனால் கம்பத்தின் அடிப்பெட்டியில் அதை இணைக்க இடமே இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் யாரோ இரண்டு இழையில் முடித்துவிட்டுப் போயிருந்தார்கள். அத்தனை ஆண்டுகளும் மழையில் அந்தக் கம்பத்தடியில்தான் தேங்காய் விற்கும் அம்மாள் கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைமையாசிரியர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “முதல்ல இதைச் சரி பண்ணுப்பா. வெளிச்சத்தை அப்புறம் பார்த்துக்கலாம்” என்றார்.

விளக்கின் ஆயுளைப் பற்றிப் பெட்டிகள் பெருமையடித்துக்கொள்ளும். ‘50,000 மணி நேரம்’ என்பது வழக்கமான வாசகம். மாலை ஆறு முதல் காலை ஆறு வரை எரித்தால் அது ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டு, அதாவது ஒரு கும்பாபிஷேகத்திலிருந்து அடுத்த கும்பாபிஷேகம் வரை. அர்த்தசாமம் முடிந்ததும் அணைத்துவிட்டால் இரண்டு கும்பாபிஷேகம். அந்த மணி நேரம் முடிந்ததும் விளக்கு அணைந்துபோகும் என்பது பொருளன்று. தொடக்கத்தில் தந்த ஒளியில் 70 விழுக்காட்டுக்கு இறங்கும் காலத்தைத்தான் பெரும்பாலும் அப்படிக் கணக்கிடுகிறார்கள். ‘எல்70’ என்று விவரத்தாளில் காண்பது இதுவே. ஆனால் நடைமுறையில் முதலில் உயிர் விடுவது சில்லு அன்று. மின்சாரத்தைப் பதப்படுத்தித் தரும் டிரைவர்தான். டிரைவரைத் தனியே கழற்றி மாற்றக்கூடிய விளக்காக இருந்தால் சிறிய செலவில் மீண்டும் எரியும். எல்லாவற்றையும் ஒரே பலகையில் ஒட்டி மூடிய மலிவு விளக்கை முழுதாகத் தூக்கி எறிய வேண்டியதுதான். கையில் எடுத்துப் பார்த்தாலும் ஓரளவு தெரியும். வெப்பத்தை வெளியேற்றும் அலுமினிய விசிறிகள் தடிமனாக இருக்கும் விளக்கு கனக்கும். இறகுபோல் இலேசாக இருக்கும் 100 வாட் விளக்கை ஐயத்தோடு பார்ப்பதில் தவறில்லை.

கிராமங்களில் மாலை வேளையில் மின்னழுத்தம் தாழ்வதும், இடி மழையில் திடீரென்று எகிறுவதும் டிரைவருக்கு எமன். ‘140 முதல் 270 வோல்ட்’ என்பதுபோல் அகன்ற எல்லை அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்கலாம். ‘சர்ஜ் பாதுகாப்பு’ என்ற இடத்தில் 4 கிலோவோல்ட் என்றும் 10 கிலோவோல்ட் என்றும் காண்பார்கள். திறந்தவெளியில் உயரத்தில் நிற்கும் விளக்குக்கு 10 நல்லது. இது கோபுரத்தின் இடிதாங்கிக்கு மாற்று ஆகாது. பவர் ஃபேக்டர் 0.9க்கு மேல் இருக்கட்டும். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும், அதன்கீழ் ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் விளக்கில் இருக்க வேண்டும். அந்த எண் உண்மையானதா என்பதை அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் என்ற கைப்பேசிச் செயலியில் பார்த்துவிடலாம். பேரப்பிள்ளைகள் இதை நொடியில் செய்து காட்டுவார்கள்.

வாங்கியதை எங்கே மாட்டுவது என்பதும் வாங்குவதற்கு முன்பே முடிவாக வேண்டியது. எந்த உபயமாயினும் கோயில் நிர்வாகத்தின் எழுத்து மூலமான அனுமதி முதலில் வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில்போலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள தலங்களில் அத்துறையின் இசைவும் வேண்டும். கோபுரத்தின் சுதையிலோ கல்லிலோ துளையிட்டு விளக்கைப் பொருத்துவது எங்கும் கூடாது. அடியிலிருந்து நேர் மேலாக அடிக்கும் ஒளி, சுதைத் திருமுகங்களின் மூக்கு நிழலை நெற்றியில் ஏற்றிச் சாந்த வடிவங்களையும் அச்சுறுத்தும் வடிவங்களாக்கிவிடும். ஒருபுறத்திலிருந்து சாய்வாக வலுவான ஒளியும், மறுபுறத்திலிருந்து அதில் பாதியளவு ஒளியும் விழுந்தால் சிற்பத்தின் மேடுபள்ளம் பகலில் தெரிவதுபோல் தெரியும். வாயிலிலிருந்து வெளியே வருகிறவரின் கண்ணுக்கு நேரே விளக்கு நிற்கக் கூடாது. முதுமையில் கண்ணின் வில்லை மங்குவதால் எதிரே வரும் ஒளி உள்ளே சிதறிக் காட்சியை மறைக்கும். கண்புரை உள்ளவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். பக்கவாட்டில் தகடு கட்டி ஒளியை மறைத்துவிடலாம். கோபுரப் பொந்துகளில் கிளியும் ஆந்தையும் வௌவாலும் குடியிருக்கின்றன. அவற்றுக்கும் இரவு வேண்டும். நடை சாத்தியதும் தானே அணையும்படி ஒரு டைமர் வைத்துவிட்டால், காவலரின் நினைவை நம்ப வேண்டியதில்லை.

தலைமையாசிரியர் இரண்டாம் முறை கடைக்குப் போனபோது காகிதத்தோடு போனார். கடைக்காரரிடம் ஒரே ஒரு விளக்கை மட்டும் முன்பணம் கட்டி வாங்கிவந்து, இரவில் கம்பத்தில் கட்டி, துணைவியாரைத் தெருமுனையில் நிற்கவைத்துப் பார்க்கச் சொன்னார். “கொஞ்சம் மேலே தூக்குங்க… போதும், போதும்” என்று அம்மையார் அங்கிருந்தே கைகாட்டினார். ஒளி தெருவில் சிந்தவில்லை. அதன் பிறகே மற்றவற்றை வாங்கினார்கள். இடக்கம்பத்தில் 30 டிகிரியில் 80 வாட் இரண்டு, ஒன்று கீழ்ப்பாதிக்கு, ஒன்று மேற்பாதிக்கு. வலக்கம்பத்தில் அதே கோணத்தில் 50 வாட் ஒன்று. கலசத்துக்கு 15 டிகிரியில் 20 வாட் ஒன்று. மொத்தம் 230 வாட். முன்பு எரிந்தது 400 வாட். முதலில் வாங்கிய நான்கில் இரண்டு நந்தவனத்துக்கும், இரண்டு காலணிகள் விடும் திடலுக்கும் போயின. அங்கே அவற்றின் 120 டிகிரி சரியாகப் பொருந்தியது.

உபயதாரர் பெயரை எங்கே எழுதுவது என்ற கேள்வி வந்தது. டியூப் லைட்டின்மேல் பெயரைப் பெரிதாக எழுதி, பாதி வெளிச்சத்தைப் பெயரே விழுங்கிவிடும் காட்சி தமிழ்நாட்டில் எல்லோரும் கண்டதுதான். தலைமையாசிரியர் விளக்கில் ஏதும் எழுத வேண்டாம் என்றுவிட்டார். ஸ்விட்ச் பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒரு சிறு தகட்டில் எழுதச் சொன்னார்: விளக்கு நான்கு, ஒவ்வொன்றின் வாட், லூமென், கோணம், கெல்வின், மாட்டிய நாள், உத்தரவாதம் முடியும் நாள், டிரைவரின் மாதிரி எண், ஆர்.சி.சி.பி. சோதிக்க வேண்டியது பௌர்ணமிதோறும். கடைசி வரியில் இடம் மிச்சமிருந்ததால், மின்வேலை பார்ப்பவர் கேட்காமலேயே தம்பதியரின் பெயரைச் சேர்த்துவிட்டார்.